லாகின் போட்டாச்சா பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா? சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸா? அப்ப உங்க லாகினைக் கொஞ்சம் பார்ப்போம்.

பலர் லாகின் ஃபார்மையே முதல் ஃபார்மா ஓடவிட்டு, பாஸ்வேர்டு சரின்னா அதை ஹைட் பண்ணிட்டு மெயின் ஃபார்மைத் திறக்குறாங்க. அப்புறம் மெயின் ஃபார்மை மூடினாலும் அப்ளிகேஷன் டாஸ்க் மேனேஜர்ல பேய் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஹைட்டுக்குப் பதிலா க்ளோஸ் கொடுத்தா மொத்தமும் படுத்துடும். காரணம், 'அப்ளிகேஷன்.ரன்'ல நீங்க கொடுக்கிற ஃபார்ம்லதான் ப்ரோக்ராமோட உயிரே இருக்கு.

அதனால 'மெயின்' மெத்தட்ல முதல்ல லாகினை 'ஷோடயலாக்'ல திறங்க. ஓகேன்னு திரும்பி வந்தா மட்டும் மெயின் ஃபார்மை ரன் பண்ணுங்க. டிசைனர்லயே பட்டனுக்கு 'டயலாக்ரிசல்ட் ஓகே'ன்னு வச்சுடாதீங்க. தப்பான பாஸ்வேர்டுக்கும் கதவு திறந்துடும்! செக் பண்ணின பிறகு கோட்லதான் கொடுக்கணும்.

சரி, யூசர் டேபிள் இருக்கிற ஆக்சஸ் ஃபைல் அதே ஃபோல்டர்லதானே கிடக்கு? வைவால எக்ஸ்டர்னல் அதை டபுள் க்ளிக் பண்ணினா பாஸ்வேர்டெல்லாம் பல்லிளிக்கும். சால்ட் சேர்த்து ஹாஷ் பண்ணி வைங்க. 2005-ல வந்த டாட்நெட் 2.0-லேயே அதுக்கு வசதி இருக்கு. ஆனா ஹாஷ் காப்பாத்துறது பாஸ்வேர்டை மட்டும்தான். மார்க், சம்பளம்னு மத்த டேபிளெல்லாம் திறந்தே கிடக்கும். அதுக்கு டேட்டாபேஸை சர்வருக்கு மாத்தி, யார் எதைத் தொடலாம்னு அங்கேயே முடிவு பண்ணணும். எக்ஸ்டர்னலோட அடுத்த கேள்வி அநேகமா அதுதான்!