பழம்பெயருக்குப் புதுப்பொருள்

கணினியின் ஷெல்லில் நீண்ட கட்டளைகளுக்கு அலியாஸ் எனப்படும் குறும்பெயர் இட்டு வழங்குதல் நன்றே. 1970களின் இறுதியில் பெர்க்கிலியில் பில் ஜாய் ஆக்கிய ஸி ஷெல்லிலேயே இவ்வசதி உண்டு. 1989-இல் வெளிவந்த பாஷும் இதனை உடையது.

ஆயின் நம் மாணவருட் சிலர், கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ என்னும் கட்டளைக்கே ‘வினவிய பின் அழி’ என்று பொருளேற்றி வைக்கின்றனர். இதற்கு யான் உடன்படேன். தன் கணினி வினவுமென்று பழகிய கை, அவ்வேற்பாடில்லாத பிறர் கணினியிலும் கூசாது அதனையே தட்டும். அஃதோ வாய்திறவாது அழித்துவிடும். மீட்டெடுக்கக் குப்பைக்கூடையும் அங்கில்லை. ஒரு பருவத்து உழைப்பு ஒரு நொடியிற் போம்!

காவல் வேண்டுவோர் புதுப்பெயரொன்று இடுக. அப்பெயர் அறியாத கணினி, ‘அத்தகைய கட்டளை இல்லை’ என மறுக்கும், கோப்பும் பிழைத்திருக்கும்.