வில்லுக்கு முன் அச்சுக்கட்டை

ஒரு பொருளின் பெருமையைப் பேசுவோர் பலர். அப் பொருளைப் பிறப்பிக்கும் கருவியின் பெருமையைப் பேசுவோர் மிகச் சிலர். தேரைக் கண்டு வியப்பவன் தச்சனை நினைப்பதுண்டு. அத் தச்சன் கையிலிருந்த மூலைமட்டத்தை அவன் நினைப்பதில்லை. கண்ணாடியிழை ஒட்டிய அடுக்கு வில்லுக்கும் இதே நிலைதான். இழையின் வலிமை பேசப்படுகின்றது. பசையின் பிடிப்பு பேசப்படுகின்றது. நடுவிலுள்ள மரத்தின் அழகு பேசப்படுகின்றது. அவை அனைத்தையும் தன்மேல் தாங்கி, வளைவு கொடுத்து, ஒன்றாக்கித் தந்த அச்சுக்கட்டையோ பட்டறையின் மூலையில் கிடக்கின்றது. ஆனால் அவ் வில்லின் நேர்மையும் கோணலும், வாழ்வும் முறிவும் பெரும்பாலும் அக் கட்டையிலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகலின், அச்சுக்கட்டையைச் செம்மையாக ஆக்காதவன் வில் செய்யத் தொடங்குதலே கூடாது. இது மிகையுரை அன்று; வில்லின் வரலாறே இதற்குச் சான்று.

பழைய மரவில்லுக்கு அச்சுக்கட்டை வேண்டியிருந்ததில்லை. இங்கிலாந்து நாட்டார் யூ மரத்தில் நெடுவில் செய்தனர். அம் மரத்தின் வெளிவெண்மை இழுவிசையைத் தாங்கும். உட்காழ் அமுக்கத்தைத் தாங்கும். இயற்கையே இரு பொருள்களை ஒட்டிக் கொடுத்தது போன்ற மரம் அது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப் பெற்ற ‘மேரி ரோசு’ என்னும் போர்க்கப்பலிலிருந்து அத்தகைய விற்கள் 130-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. அவற்றுள் ஒவ்வொன்றும் தனி மரம், தனிச் செதுக்கல். வில் செய்வோன் சிறிது சீவுவான்; வளைத்துப் பார்ப்பான்; விறைப்பாக நிற்கும் இடத்தில் மீண்டும் சீவுவான். பிழையைக் கண்டபோதே திருத்துவதற்கு அவனுக்கு இடமிருந்தது. மரம் அவனோடு பேசிக்கொண்டே இருந்தது எனலாம்.

துருக்கியரும் மங்கோலியரும் கொரியரும் வேறொரு வழி கண்டனர். வில் வளையுங்கால் அம்பு செல்லும் பக்கத்து முகம் நீளும். எய்வோனை நோக்கிய முகம் சுருங்கும். நடுப்பகுதி இரண்டையும் விலகாமல் பிடித்திருக்கும். எனவே நீளும் முகத்தில் விலங்கின் தசைநாரையும், சுருங்கும் முகத்தில் எருமைக் கொம்பையும், நடுவே மரத்தையும் வைத்து விலங்குப் பசையால் ஒட்டினர். ஒட்டிய வில் காய்ந்து முதிர்வதற்குப் பல திங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டுவில் என்பது காலத்தைத் தின்று வளர்ந்த கலை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் அக் காலச் செலவு சுருங்கியது. கண்ணாடியை உருக்கி இழையாக நூற்கும் தொழில் 1930-களில் அங்கு வளர்ந்து, 1938-இல் ஓவன்சு-கார்னிங் என்னும் நிறுவனம் தோன்றியது. இருகூட்டுப் பசையாகிய எப்பாக்சியும் பின்னர்ப் பயன்பாட்டுக்கு வந்தது. கிளாரன்சு இக்மன், பால் குளோப்சுடெக் முதலிய இயற்பியலறிஞர்கள் வில்லை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு அளந்தனர். உருண்டு தடித்த கிளைகளைவிடத் தட்டையான கிளைகளே சிறந்தன என்று காட்டினர். அவர்தம் கட்டுரைகள் 1947-இல் நூலாகவும் வெளிவந்தன. அதே ஆண்டில் பிரெடு பேர் என்பார் தம் வில் தொழிலை மிச்சிகன் மாநிலத்துக் கிரேலிங்கு என்னும் ஊருக்குக் கொண்டு சென்றார். 1950-களில் கண்ணாடியிழை ஒட்டிய விற்கள் அவர் தொழிற்சாலையிலிருந்தும் பிற பட்டறைகளிலிருந்தும் பெருந்தொகையாக வெளிவந்தன. கொம்பு இருந்த இடத்திலும் கண்ணாடியிழை. தசைநார் இருந்த இடத்திலும் கண்ணாடியிழை. திங்கட் கணக்கில் காய்ந்த பசைக்கு மாற்றாகச் சில மணி நேரத்தில் இறுகும் பசை.

இங்குதான் பலரும் காணத் தவறும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. முகத்தில் கண்ணாடியிழை ஒட்டியபின் வில்லின் தடிப்பைச் சீவிச் சீவித் திருத்த இயலாது. ஓரங்களைச் சிறிதளவு அராவலாம், முனைகளைச் செதுக்கலாம், அதற்கு மேல் இடமில்லை. பழைய வில்லாசிரியன் வேலையின் இறுதியில் காட்டிய திறம் முழுவதையும் புதிய வில்லாசிரியன் வேலையின் தொடக்கத்திலேயே காட்டியாக வேண்டும். அத் திறம் சென்று குடியேறிய இடமே அச்சுக்கட்டை. புதுப்பொருள் திறத்தை ஒழித்தது என்பார் கூற்று பிழையானது. அது திறத்தை இடம் மாற்றியது என்பதே உண்மை.

அச்சுக்கட்டை ஆக்கும் முறை எளிது. அதற்கு வேண்டும் பொறுமையே அரிது. அங்குலம் என வழங்கும் விரலக் கணக்கில் முக்கால் விரலத் தடிப்புள்ள இரண்டு ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து ஒட்டினால் ஒன்றரை விரல அகலமுள்ள கட்டை கிடைக்கும். வில்லின் வளைவை அதன்மேல் முழுதாக வரைதல் கூடாது. பாதி வில்லின் வளைவை மட்டும் ஒரு மெல்லிய தகட்டில் வெட்டி, நடுக்கோட்டின் ஒரு பக்கம் வைத்து வரைந்து, பின்பு அதே தகட்டைப் புரட்டி மறுபக்கம் வரைதல் வேண்டும். இரு கிளைகளும் ஒன்றுக்கொன்று நிழல்போல் ஒத்திருத்தற்கு இதுவே வழி. கோட்டின்மேல் அறுக்காமல் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, எஞ்சியதை அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை இறக்குதல் வேண்டும். சில விரலத்துக்கு ஒருமுறை மூலைமட்டம் வைத்து, மேல்முகம் பக்கத்தோடு செங்கோணமாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் முகத்தின்மேல் மெல்லிய இரப்பர்ப் பட்டை பரப்பி, பசை பற்றாதிருக்க மென்தாள் போர்த்தி, நடுக்கோட்டை அழியாதபடி குறித்தால் கட்டை வேலைக்கு அணியமாகும்.

அதன்மேல் கண்ணாடியிழைப் பட்டை, மரச்சீவல்கள், கைப்பிடிக் கட்டை, மீண்டும் கண்ணாடியிழைப் பட்டை எனப் பசை தடவி அடுக்குவர். இழைப் பட்டையின் தடிப்பு பெரும்பாலும் ஒரு விரலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் 40 அல்லது 50 பங்கே. மரச்சீவல்களோ ஒரு விரல நீளத்துக்கு ஆயிரத்தில் 2 பங்கு என்னும் அளவில் முனை நோக்கி மெலியும். இவ் வடுக்கை இறுக்கிகள் கொண்டு அழுத்துவோர் உளர். அச்சுக்கட்டைக்கு மேற்பாதியும் செய்து, இடையில் தீயணைப்புக் குழாய் போன்ற துணிக்குழாயை இட்டு, சதுர விரலத்துக்கு ஏறத்தாழ 60 பவுண்டு அளவிற்குக் காற்றடைத்து அழுத்துவோரும் உளர். பின்வழி சிறந்தது, ஏனெனில், காற்று ஓரவஞ்சனை அறியாது, எல்லா இடத்திலும் ஒன்றுபோல் அழுத்தும். அதன்பின் மின்விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றினால் சில மணி நேரத்தில் பசை இறுகிவிடும்.

இனி, கட்டையில் பிழை நேர்ந்தால் வருவது என்ன? முகத்தில் ஒரு பள்ளம் இருப்பின் அங்கே அழுத்தம் குன்றும். பசை தடித்துத் தேங்கும். அல்லது காற்று புகுந்து நிற்கும். ஒரு மேடு இருப்பின் அங்கே பசை முழுதும் பிதுங்கி வெளியேறி ஒட்டு வறண்டு போகும். முகம் ஒரு முனையில் வலப்புறமும் மறுமுனையில் இடப்புறமும் சாய்ந்திருப்பின் வில் முறுக்கேறியே பிறக்கும். நடுக்கோடு பிசகினால் நாண் வில்லின் நடுவே செல்லாது. வளையும் பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிப்பு நூற்றில் ஒரு பங்கு மிகுந்தால் விறைப்பு நூற்றில் ஏறத்தாழ மூன்று பங்கு மிகும். ஒரு கிளையில் மட்டும் பசை தடித்து நின்றால் இரு கிளைகளும் இரு வேறு விற்களின் கிளைகளாகிவிடும் அன்றோ! எல்லாவற்றினும் கொடியது இது: ஒரு வில்லில் நேர்ந்த பிழை அவ் வில்லோடு போகும், அச்சுக்கட்டையில் நேர்ந்த பிழை அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு வில்லிலும் மறுபிறப்பு எடுக்கும்.

இதனை வெறும் அழகுப் பிழை என்று தள்ளிவிடவும் இயலாது. ஐம்பது பவுண்டு விசை வேண்டும் ஒரு வில்லை முழுதும் இழுத்து நிற்பவனின் முகத்துக்கு மிக அருகில் அவ் ஆற்றல் முழுவதும் அடங்கி நிற்கின்றது. அந் நேரத்தில் ஒட்டு விட்டுப் பிரிந்தால் கிளை வெடித்துச் சிதறும். கண்ணும் முகமும் அதன் எதிரில் உள்ளன. செய்தவனின் சோம்பலுக்கு எய்பவன் விலை கொடுத்தல் எவ் வகையில் முறையாகும்? பசை தடவுவதற்கு முன் அடுக்கு முழுவதையும் பசையின்றியே கட்டையில் ஒருமுறை வைத்து இறுக்கி, இடைவெளி உண்டா என விளக்கொளியில் பார்த்தல் வேண்டும் என்று பட்டறிவுடையோர் வற்புறுத்துவது இதனாலேயே. கண்ணாடியிழையை அராவும்போது எழும் துகள் மூச்சோடு உட்செல்லாதபடி மூக்கையும் வாயையும் காப்பதும் இப் பொறுப்பின்பாற் பட்டதே.

அச்சு என்பது கலையைக் கொல்லும். ஒரே அச்சில் பிறந்த விற்களுக்கு உயிரில்லை என்பார் சிலர். மரத்தை மட்டுமே நம்பியிருந்தவனின் கைத்திறத்தை யாரும் குறைத்துரைக்கவில்லை. ஆயினும், வளைவைத் தன் மனத்தில் கண்டு, அதைத் தாளில் கோடாக்கி, கோட்டைக் கட்டையாக்கி, கட்டையின் ஒவ்வொரு விரலத்தையும் மட்டம் பார்த்தவன் கலைஞன் அல்லன் எனின், வேறு யார்தாம் கலைஞர்? ஓர் அச்சில் பிறந்த விற்கள் ஒன்றுபோல் இருப்பது குறையன்று. அம்பு எய்வோன் வேண்டுவது அதுவே. ஒரு வில் முறிந்தால் அதே இயல்புடைய மற்றொரு வில் அவன் கைக்கு வருதல் வேண்டும்.

அச்சுக்கட்டையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே, ஆக்குவதில் ஏன் இத்துணைப் பாடு என்பார் வேறு சிலர். தொடக்கத்தில் வாங்கிப் பழகுதல் குற்றமன்று. ஆனால் வாங்கியதோடு நின்றவன் எந்நாளும் பிறன் வளைவிலேயே வில் செய்வான். தன் கை நீளத்துக்கு ஏற்ப வில்லை நீட்டவும் குறுக்கவும், முனை வளைவைக் கூட்டவும் குறைக்கவும் அவனால் இயலாது. தன் வில் ஏன் பிசகியது என்று காணவும் இயலாது. ஏனெனில், பிசகு பிறந்த இடத்தை அவன் அறியான். பொருளைச் செய்பவன் உழைப்பாளி. பொருளைச் செய்யும் கருவியையும் தானே செய்பவனே அத் தொழிலுக்கு உரிமையாளன். வில்லுக்கு மட்டுமன்றி எத் தொழிலுக்கும் பொருந்தும் நெறி இது.

1969-இல் ஓலசு வில்பர் ஆலன் என்பார்க்கு உருளைகள் பூட்டிய பொறிவில்லுக்குக் காப்புரிமை கிடைத்தபின் அடுக்கு வில்லின் காலம் முடிந்தது என்று நினைத்தோர் உண்டு. அஃது முடியவில்லை. 1972-இல் மியூனிக்கு நகரில் விற்போட்டி மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது முதல் 2024 வரை அங்கு எய்யப் பெற்றது முனை மடங்கிய வில்லே. அதன் கிளைகள் இன்றும் அடுக்கடுக்காக ஒட்டி, அச்சில் அழுத்தியே ஆக்கப்படுகின்றன. கரியிழை கண்ணாடியிழையோடு வந்து சேர்ந்தது. அச்சின் ஆட்சி மட்டும் மாறவில்லை. பெருந்தொழிற்சாலைகளுக்கு அப்பால், தம் வீட்டுப் பட்டறையில் ஒட்டுப்பலகையும் அரமும் கொண்டு தமக்கென வில் செய்துகொள்வோர் அமெரிக்காவில் இன்றும் உளர். அவர்களுக்கு அவ் உரிமையைத் தந்தது விலையுயர்ந்த பொறி அன்று. செம்மையாக ஆக்கிய ஒரு கட்டையே.

இக் கலையைத் தமிழில் எழுதுதற்குச் சொல் இல்லை என்று எவரும் கைவிரிக்க வேண்டுவதில்லை. நாண் கொளுவும் வெட்டுக்குக் ‘குதை’ என்னும் சொல் பண்டே உண்டு. செருப்புத் தைப்போர் நாவில் ‘அச்சுக்கட்டை’ நாள்தோறும் வழங்குகின்றது. உழைப்போர் பட்டறையில் உயிரோடிருக்கும் சொல்லை நூலுக்குக் கொண்டுவருவதே வேண்டுவது.

எனவே வில் செய்யப் புகுவோன் முதலில் விலைப்பட்டியலைப் புரட்டுதல் வேண்டா. பளபளக்கும் இழையைத் தேடி ஓடுதலும் வேண்டா. ஓர் ஒட்டுப்பலகை, ஒரு வாள், ஓர் அரம், ஒரு மூலைமட்டம் ஆகியவற்றோடு உட்காரட்டும். ஒரு நாளில் முடியும் வேலைக்கு ஒரு கிழமை எடுத்துக்கொள்ளட்டும். கட்டை கோணினால் வில் கோணும். வில் கோணினால் அம்பு கோணும். அம்பு கோணியபின் குறியைக் குறை சொல்லிப் பயன் என்ன?