க்யூஆர் கோடு அச்சிட்டவர்கள் கருவியும் தர வேண்டும்

வைகை அணை

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மனுக்களால் எதுவும் ஆகாததால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்கள் பாடநூலில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றி மட்டும் பேச வந்தேன். 2018இல் புதிய பாடநூல்கள் வந்ததிலிருந்து அவற்றில் க்யூஆர் கோடு அச்சாகிறது. ஸ்கேன் செய்தால் பாடக் காணொளி திறக்கும். 2023இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலியும் வந்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் மாணவர் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது, பள்ளியும் தருவதில்லை. அப்படியானால் ஸ்கேன் செய்யும் போன் வீட்டில் இருந்தாக வேண்டும். கம்பம், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். வீட்டில் ஒரே போன் என்றால் அதுவும் அவர்களோடு இடுக்கி மலைக்குப் போய்விடுகிறது. இருட்டிய பிறகு திரும்பும் அந்தப் போனுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். மேகமலை போன்ற மலையூர்களில் போன் இருந்தாலும் சிக்னலைத் தேடி அலைய வேண்டும்.

போன் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பீர்கள். மறுக்கவில்லை. கற்றலுக்கு உதவும் இடத்தில் மட்டுமே பள்ளியில் தொழில்நுட்பம் வேண்டும் என்றுதான் யுனெஸ்கோவின் 2023 அறிக்கையும் சொல்கிறது. தடை சரியென்றால், மாற்றுவழி தருவது தடை போட்டவர்களின் கடமை. பள்ளியில் ஹைடெக் கணினி லேப் இருக்கிறதே என்பீர்கள். அது வகுப்புகள் முறைவைத்துப் போய்வரும் இடம். புரியாத கணக்கை ஒரு பிள்ளை நான்காம் முறை ஓடவிட்டுப் பார்க்க அங்கே நேரம் ஏது? காணொளியின் பயனே அந்த நான்காம் முறையில்தான் இருக்கிறது.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. 2020 ஊரடங்கில் பிளஸ் டூ மாணவர்களின் மடிக்கணினிகளில் பாடக் காணொளிகளைப் பள்ளியிலேயே பதிந்து கொடுத்ததும் உங்கள் துறைதான். வீட்டில் இணையம் இல்லாமலும் படிக்க முடியும் என்று அன்றே காட்டிவிட்டீர்கள். 2025-26 நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கருவி அறிவித்தது, மகிழ்ச்சி. பத்தாம் வகுப்பிலேயே தடுமாறி நிற்கிற பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு கல்லூரி வரை வருவது? மாலையில் லேபைத் திறந்து வையுங்கள். பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுங்கள். காணொளி பதிந்த கைக்கணினிகளை நூலகப் புத்தகம்போல் வீட்டுக்கு அனுப்புங்கள். இதுவும் முடியாதென்றால் அடுத்த பதிப்பில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாகப் பிள்ளைகளின் புத்தகத்தில் அச்சிட உங்களுக்கு உரிமையில்லை.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக,
வைகை அணை ஊர்க்காரர் ஒருவர்