மாட்டுக்கும் ஒரு காலண்டர்

"ரெண்டு தடவை ஊசி போட்டும் சினை நிக்கலையே!" திண்டுக்கல் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. ஊசி சரியில்லை, தீவனம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல சமயம் சரியில்லாமல் போனது நேரம்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷம் ஒரு கன்று வேண்டுமென்றால் மிச்சம் 85 நாள். கன்று போட்டபின் கர்ப்பப்பை தேறவே 60 நாள் விட வேண்டும். ஆக, கையில் இருப்பது 25 நாள். பருவமோ 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும். வந்தாலும் ஒரு நாள்கூட முழுசாக நீடிக்காது. கவனிக்காமல் விட்டால் இன்னும் 21 நாள் தீவனச் செலவு. அடுத்த ஈற்றுப் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

அறிகுறிகள் எளிமையானவை. மாடு ஓயாமல் கத்தும், தீனி குறையும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். கண்ணாடி போல வழவழப்பான திரவம் வடியும். இன்னொரு மாடு மேலே தாவினால் அசையாமல் நிற்கும். காலையில் இதைக் கண்டால் அன்று மாலை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. எருமை அவ்வளவாகக் கத்தாது. கூடுதல் கவனம் தேவை.

இதையெல்லாம் முதலில் பார்ப்பது யார்? சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, பால் கறக்கும் வீட்டுப் பெண்கள். ஆனால் பல வீடுகளில் பயிற்சிக்குப் போவதும், செல்போனைக் கையில் வைத்திருப்பதும் ஆண்கள். பார்க்கிற கண் ஓரிடம், தகவல் வேறிடம்!

தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. அடுத்த பயிற்சிக்கு அம்மாவையோ மனைவியையோ அனுப்புங்கள். மூன்று முறை ஊசி போட்டும் நிற்காவிட்டால், நான்காவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, இன்று ஊருக்குப் போன் போடும்போது ஒன்று கேளுங்கள்: "அம்மா, மாடு கடைசியா எப்பப் பருவத்துக்கு வந்துச்சு?" அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். 18-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் கூர்ந்து கவனித்தால் போதும்.