சின்ன காரும் பெரிய ரோடும்

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகன் என் காரை ஒரு சுத்து சுத்தி வந்தான். முன்பக்கத் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தான். "மாமா, இது கார் இல்ல, தகர டப்பா. பேசாம வித்துடுங்க. இதுல மெயின் ரோட்டுக்குப் போறது உயிரோட விளையாடுற மாதிரி" என்றான். அவன் சென்னையில் இருந்து வந்தது ஆள் உயரத்துக்கு நிக்கிற வண்டி. அது பக்கத்துல என் கார் கன்னுக்குட்டி மாதிரிதான் தெரிஞ்சுது.

அவன் சொன்னது தப்பு இல்லீங்க. ஆனா முழுசும் சரியும் இல்ல. நாலு நாளா களத்துல உளுந்து காயவைக்கும்போதெல்லாம் அதையேதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

முதல்ல அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிடறேன். என் கார் 2012 மாடல். மரவள்ளி வித்த காசுல கைமாத்தி வாங்கினது. ஏர்பேக் கிடையாது. எடை எழுநூறு கிலோ சொச்சம். அவன் வண்டி அதுல ரெண்டரை பங்கு இருக்கும். ரெண்டும் ஒரே வேகத்துல நேருக்கு நேர் மோதினா, கனமானது கொஞ்சம் தடுமாறி முன்னால போகும். லேசானது பின்னால தூக்கி எறியப்படும். உள்ளே இருக்கிறவங்களுக்கு விழற அடி அதுலதான் அதிகம். இதைப் புரிஞ்சுக்கப் படிப்பு வேண்டாம், கரும்பு லோடு டிராக்டர்ல சைக்கிள் மோதினதைப் பார்த்தவனுக்கே தெரியும்.

2014-ல குளோபல் என்கேப்னு ஒரு அமைப்பு நம்ம நாட்டுல விக்கிற அஞ்சு சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோதவிட்டுப் பார்த்தாங்க. மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த அஞ்சுக்கும் பெரியவங்க பாதுகாப்புல ஒரு நட்சத்திரம் கூடக் கிடைக்கல. ஆனா அதே போலோவை ரெண்டு ஏர்பேக்கோட மோதவிட்டப்ப நாலு நட்சத்திரம் வந்துச்சு. வண்டி அதே அளவுதான். அப்போ சின்னதா இருக்கிறது மட்டும் குத்தம் இல்ல. கட்டின விதமும் உள்ளே என்ன வச்சிருக்காங்கங்கிறதும் இருக்கு.

அதுக்கப்புறம் சட்டம் மாறிச்சு. 2019 அக்டோபர்ல இருந்து விக்கிற எல்லா புதுக் காரும் மோதல் சோதனையில தேறியாகணும். முன் சீட்டு ரெண்டுக்கும் ஏர்பேக் 2022-ல இருந்து கட்டாயம். நல்ல சட்டம். ஆனா டவுன்ல புது வண்டி வாங்குறவங்க கழிச்சு விடற பழைய வண்டியெல்லாம் எங்கே போகுது? எங்க ஊருக்குத்தான் வருது. சென்னைக்கு இன்னிக்கு வந்த பாதுகாப்பு, கிராமத்துக்கு வந்து சேரப் பத்து வருஷம் ஆகும். அது வரைக்கும் நாங்க பழசைத்தான் ஓட்டணும்.

இப்போ என் பக்கம். 2008-ல நானோ காரைக் காட்டினப்ப ரத்தன் டாடா ஒரு காரணம் சொன்னார். மழையில ஒரு ஸ்கூட்டர்ல புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்கன்னு ஒரு குடும்பமே போறதைப் பார்த்துதான் இந்த எண்ணம் வந்துச்சுன்னு. அந்தக் குடும்பம் நாங்கதாங்க. 2022-ல நம்ம நாட்டு ரோட்டுல செத்தவங்க ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்கு மேல. அதுல நூத்துக்கு 44 பேர் டூவீலர்ல போனவங்க. அக்கா மகன் என் காரைத் தன் வண்டியோட ஒப்பிடறான். நான் அதை என் பழைய மொபெட்டோட ஒப்பிடறேன்.

1996-ல எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப, மொபெட்ல நடுவுல உட்கார வச்சு, பின்னால நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போனோம். சேத்துல ஒரு தடவை மூணு பேரும் விழுந்தோம். போன ஐப்பசி அடைமழையில, ராத்திரி பதினோரு மணிக்கு, என் சம்சாரத்துக்கு அதே மாதிரி வலி. பின் சீட்டுல படுக்க வச்சு, நனையாம கள்ளக்குறிச்சி கொண்டு போய்ச் சேர்த்தேன். அன்னிக்கு அந்தத் தகர டப்பாதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

அதே காருல நான் பயந்த நாளும் உண்டு. சேலம் - உளுந்தூர்பேட்டை ரோடு நாலு வழியா வந்து, ஊர்ப் புறவழிச்சாலைகள்ல மட்டும் பல வருஷமா ரெண்டு வழியா சுருங்கிக் கிடந்துச்சு. நடுவுல தடுப்புச் சுவர் கிடையாது. அங்கே ஒரு ராத்திரி, எதிர்ல பஸ்ஸை முந்திக்கிட்டு ஒரு பெரிய கார் என் முகத்துக்கு நேரா வந்துச்சு. இடது சக்கரத்தை மண்ணுல இறக்கினதால தப்பிச்சேன். வண்டியை ஓரம் கட்டி, கை நடுக்கம் நிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். உயிர் போற அவசரம் தவிர, இருட்டினப்புறம் மெயின் ரோடு கிடையாது. அறுபதைத் தாண்ட மாட்டேன். வேகம் ரெண்டு மடங்கானா மோதுற வேகத்தோட சக்தி நாலு மடங்காகும். அஞ்சு பேருக்கு மேல ஏத்த மாட்டேன். பேரப்பிள்ளையை முன் சீட்டுல மடியில வைக்க விடமாட்டேன். பின்னால உட்கார்றவங்களும் பெல்ட் போடணும். "பக்கத்துல போறதுக்கு எதுக்குங்க?"ன்னு சம்சாரம் முனகும். 2022-ல பால்கர் பக்கத்துல சைரஸ் மிஸ்திரி போனது விலை உயர்ந்த பெரிய கார். பின் சீட்டுல பெல்ட் போடல. பெரிய வண்டியாலயும் அவரைக் காப்பாத்த முடியல.

அதனால என் கருத்து இதுதான். சின்ன கார் ஆபத்தான்னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது. ஊர் ரோட்டுல நாப்பதுல போக அது போதும். நாலு வழிச்சாலையில லாரிக்கு நடுவுல நூறுல ஓட்ட அது பத்தாது. அந்த வித்தியாசத்தை மறக்கிறவனுக்குத்தான் அது டப்பா.

அடுத்த மாசம் பேரனுக்குக் காதுகுத்து, தாம்பரத்துல. "கார்லயே வந்துடுங்கப்பா, சாமானெல்லாம் வச்சுக்கலாம்" என்று மகள் சொன்னா. பஸ்லதாம்மா வருவோம்னு சொல்லிட்டேன். கார் உளுந்தூர்பேட்டை வரைக்கும் கூட வராது.

டவுன்ல இருந்து பெரிய வண்டியில எங்க பக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். உங்க வண்டி வாங்கின நட்சத்திரம் உள்ளே இருக்கிறவங்களுக்கு. எதிர்ல சின்ன கார்ல வர்றவனுக்கும், ஓரமா ஆடு ஓட்டிக்கிட்டுப் போற கிழவிக்கும் அது உதவாது. அவங்க உயிர் உங்க கால் பிரேக்குலதான் இருக்கு. பார்த்து வாங்க.