பாட்டனாரின் பில்லியட்ஸ் கோல்

சரவணையிலிருந்து மாணவ அன்பரொருவர் எழுதுகிறார். மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பாட்டனார் விட்டுச்சென்ற பில்லியட்ஸ் கோலொன்று அவர் வீட்டில் இருக்கிறதாம். அதன் அடிப்பகுதியிற் பதித்த சிறு தகட்டில் ‘வால்ற்றர் லிண்ட்றம்’ என்ற பெயரும் 4137 என்ற எண்ணும் காணப்படுகின்றன. பாட்டனார் அதனை 1925இல் வாங்கினார் என்பது பெரியோர் கூற்று. “இதைச் செய்தவர் லிண்ட்றம்தானா? தச்சரிடம் கொடுத்துச் சீவி, வார்னிஷ் பூசுவிக்கலாமா?” என்று கேட்கிறார்.

பின்னைய வினாவுக்கு விடை முதலில்: கூடவே கூடாது. காரணம் போகப்போக விளங்கும்.

லிண்ட்றம் கோல் செய்தவரல்லர். கோல் பிடித்து ஆடியவர். ஆஸ்திரேலியரான அவர், 1932இல் இலண்டனிலிருந்த தேர்ஸ்டன் மண்டபத்தில், தடைப்படாத ஒரே ஆட்டத்தில் 4137 புள்ளிகள் எடுத்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். அந்த எண்ணைத் தாங்கிய தகடு அதற்கு முன் தோன்றியிருக்க வழியில்லை. தகடு கோலோடு பிறந்ததாயின் 1925 என்ற குடும்பக் கதை நில்லாது. கதை மெய்யாயின், தகடு பின்னர் வந்து ஒட்டியது.

புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரைப் பொறித்துக் கோல் விற்பது அக்கால வாணிக வழக்கம். விற்ற கடையின் பெயரும் செய்தவரைக் காட்டுமென்பதற்கில்லை. 1885இல் லிவர்ப்பூலில் தோன்றிய பெறடன் நிறுவனம் பிற வணிகர் பெயரிலும் கோல்கள் செய்து கொடுத்தது. ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் புகழ் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. 1973இல் பம்பாயில் நம் எம். ஜே. எம். லாபீர் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றதைப் பெருமையோடு பேசுகிறோம். அவர் கையிலிருந்த கோலைச் செய்தவர் யாரென்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அமெரிக்காவில் ஜோர்ஜ் பலபுஷ்கா என்ற கைவினைஞர் விதிவிலக்காகப் பெரும் பெயர் பெற்றார். ஆயினும் 1986இல் வெளிவந்த ஹொலிவூட் படமொன்றில் ‘பலபுஷ்கா’ எனக் காட்டப்பட்ட கோல், உண்மையில் ஜோஸ் என்ற வேறொரு நிறுவனம் செய்தது!

ஆதலால் தகட்டை விட்டு மரத்தைப் பாருங்கள். தண்டு பெரும்பாலும் மேல்நாட்டு அஷ் மரமாக இருக்கும். அதன் இழையோட்டம் அம்புமுனைகளை அடுக்கியதுபோல் தோன்றும். அடிப்பகுதி கருங்காலியானால், அது நம் வன்னிக் காடுகளிலும் வளரும் இனந்தான். இவ்விரு மரங்களும் கூடுமிடமே முதற் சாட்சி. நாற்புறமும் கருங்காலித் துண்டுகளை ஒட்டிக் கையால் இழைத்த கோலில், கருமையின் நுனிகள் வில்போல் வளைந்து, சிறிது ஏற்றத்தாழ்வாக நிற்கும். இயந்திரம் வெட்டிப் பொருத்திய கோலில் நான்கு நுனிகளும் ஊசிபோற் கூர்மையாக இருக்கும். அடியில் அவுன்ஸ் கணக்கில் நிறை பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதினாறரை அவுன்ஸ் ஏறத்தாழ 468 கிராம்.

இனித் தகட்டின் விளிம்புக்கு வாருங்கள். பூதக்கண்ணாடியால் நோக்குங்கால், பழைய மெருகு மரத்தின்மேலும் தகட்டின் ஓரத்தின்மேலும் இடைவெளியின்றி ஓடினால், இரண்டும் ஒரே பட்டறையிலிருந்து வந்தன எனக் கொள்ளலாம். இடையே புதுப்பசையோ, வேறொரு தகடு இருந்த பள்ளமோ தென்பட்டால், 1925 பிழைத்துக்கொள்ளும். பாட்டனார் சொல் மெய்யா என்பதற்கு அந்த மெல்லிய மெருகைவிட வேறு சாட்சி வீட்டில் இல்லை. தச்சரின் இழைப்புளி ஒருமுறை ஓடினால் அதுவும் போய்விடும். நுனிகளின் வடிவும் மாறிவிடும்.

தூசியை உலர்ந்த மென்துணியால் துடைத்தாற் போதும். கோலைச் சுவரிற் சாய்த்து வைக்கவேண்டாம்; நாளடைவில் வளையும். தீவுப்பகுதியின் உப்புக்காற்றுப் படாமல், துணியிற் சுற்றி, மட்டமான பலகைமேற் கிடத்தி வையுங்கள்.