ஒரு மூலக்கூறின் இரண்டாம் பொருள்

உருவகங்கள் வெளிச்சம் தருபவை என்றே இலக்கிய வாசகர்களாகிய நாம் நம்பி வந்திருக்கிறோம். அவை கதவடைப்பதும் உண்டு. அதற்கு அறிவியலிலிருந்து ஓர் உதாரணத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பள்ளிப் பாடத்தில் நாம் அனைவரும் சந்தித்திருக்கிறோம். செல்லின் 'ஆற்றல் நாணயம்' என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தும் போனோம். 1929இல் கார்ல் லோமான் தசையிலிருந்து இதைப் பிரித்தறிந்தார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-ஜியார்ஜியும், இதே குடும்பத்தைச் சேர்ந்த பியூரின் பொருட்களை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினால் இதயத்துடிப்பு மந்தமாவதைப் பதிவு செய்தனர். முதல் செய்தி பாடநூலுக்குள் நுழைந்தது. இரண்டாவது செய்தி நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தது.

அதை மையத்துக்குக் கொண்டுவந்தவர், தற்செயலாக அதே 1929இல் லண்டனில் பிறந்த ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக். 1960களில் மெல்பர்னில் அவரும் சகாக்களும் கினிப்பன்றியின் குடல் தசையை ஆராய்ந்தார்கள். நரம்புகள் தசைகளுக்கு ஆணையிடுவது அசெட்டைல்கோலின், நாரட்ரீனலின் என்ற இரண்டு பொருட்களின் வழியாகவே என்பது அன்றைய பாடம். அவ்விரண்டின் வழிகளையும் மருந்துகளால் அடைத்த பின்னரும், நரம்பைத் தூண்டியபோது தசை தளர்ந்தது. அப்படியானால் மூன்றாவதாக ஒரு தூதன் இருந்தாக வேண்டும். அது ஏ.டி.பி.தான் என்று 1972இல் பர்ன்ஸ்டாக் விரிவாக வாதிட்டார்.

பலர் ஏற்கவில்லை. எல்லாச் செல்களுக்குள்ளும் நிறைந்திருக்கும் நாணயத்தை எந்தச் செல்லாவது தெருவில் வீசுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதன் வலிமை சோதனையிலிருந்து வந்ததைக் காட்டிலும் 'நாணயம்' என்ற உருவகத்திலிருந்தே அதிகம் வந்தது என்பது நம் எண்ணம். உள்ளே மிகுதியாகவும் வெளியே மிகச் சொற்பமாகவும் இருக்கும் பொருளைவிடச் சிறந்த அறிவிப்பு வேறெது? செல் ஒன்று சிதைந்தால் ஏ.டி.பி. வெளியே கசிகிறது; ஆபத்து என்று அக்கம்பக்கத்துச் செல்கள் அறிகின்றன. சிறிது நேரத்தில் நொதிகள் அதைச் சிதைக்கின்றன. எஞ்சும் அடினோசினும் ஒரு செய்திதான். ஆனால் பெரும்பாலும் எதிர்ப்பொருள் கொண்ட செய்தி: 'அமைதி கொள்க.'

1990களில் இச்செய்திகளைப் பெறும் ஏற்பிகளின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது விவாதம் ஓய்ந்தது. இன்று அடினோசினுக்கு 4, பி2எக்ஸ் வகையில் 7, பி2ஒய் வகையில் 8 ஏற்பிகள் அறியப்பட்டுள்ளன.

இது ஆய்வுக்கூடச் சங்கதி மட்டுமன்று. காலைக் காப்பி தூக்கத்தை விரட்டுவது, அதிலுள்ள காஃபீன் அடினோசினின் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால்தான். மிகைவேகத் துடிப்பு வகைகள் சிலவற்றை அடக்க மருத்துவர்கள் நரம்பூசி வழியே செலுத்துவதும் அதே அடினோசினைத்தான். மாரடைப்பு கண்டவர்கள் பலர் உட்கொள்ளும் க்ளோபிடோக்ரெல், இரத்தத் தட்டுகளில் உள்ள பி2ஒய்12 ஏற்பியை முடக்குகிறது. அம்மருந்து 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது முடக்கும் ஏற்பி இன்னதென்று தெளிவானது 2001இல்தான்.

நாள்பட்ட இருமலுக்கான கெஃபாபிக்ஸன்ட் கூடுதலாக ஒரு பாடம் சொல்கிறது. 2022இல் ஜப்பான் ஒப்புக்கொண்ட இம்மருந்து, இருமலைத் தூண்டும் நரம்புகளிலுள்ள பி2எக்ஸ்3 ஏற்பியைத் தடுக்கிறது. உட்கொண்டவர்களில் பலருக்கு நாவின் சுவையும் மாறிப்போனது. சுவை மொட்டுகள் நரம்புகளோடு பேசுவதும் ஏ.டி.பி. வழியாகத்தான். ஒரே சொல்லை உடல் இரண்டு வாக்கியங்களில் எழுதியிருக்கிறது. ஒன்றை மட்டும் அழிப்பது எளிதன்று. முடக்குவாதத்துக்காகச் சோதிக்கப்பட்ட பி2எக்ஸ்7 தடுப்பான்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு ஆணவத்தை விட்டு இன்னொரு ஆணவத்துக்குத் தாவுவதில் பயனில்லை.

பர்ன்ஸ்டாக் 2020இல் மறைந்தார். தம் கருத்து மருந்தாக மாறியதைக் கண்டுவிட்டே சென்றார். நம் மாணவர்களுக்கோ ஏ.டி.பி. இன்னமும் பெரும்பாலும் நாணயமாகவே அறிமுகமாகிறது. அது பிழையன்று, பாதி. மறுபாதியையும், அதற்காக நடந்த இருபது ஆண்டு வழக்கையும் இரண்டு பத்திகளில் சொல்லிவிட முடியும். சொன்னால், அறிவியல் என்பது முடிந்துபோன அகராதி அல்ல என்றாவது அவர்கள் அறிவார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று யாராவது சொன்னால் இலக்கியத்தில் நாம் சும்மா இருப்பதில்லை. உயிரியலில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?